பின்வாசலில் பனி தங்காத கோடு

டோய்மி, மினசோட்டா
1996 நவம்பர் 24

அர்வோ,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. கப்பலின் என்ஜின் அறையில் வேலை செய்கிறவன் குளிரில் இருக்க மாட்டான். நான் சமையலறையில் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். மேசைமேல் வெண்ணெய் கல்லாகக் கிடக்கிறது.

பாய்லர் எரிகிறது. அதில் குறை இல்லை. வீட்டிலிருந்து எண்பது அடி தள்ளி நீ நிறுத்திவைத்த அந்தத் தகரக் கொட்டகைக்குள் தண்ணீர் கொதிக்கிறது. பள்ளிப் பேருந்தை எடுக்கப் போகும் முன் ஒரு முறை, திரும்பி வந்து ஒரு முறை, கதவைத் திறந்து கை நீளக் கட்டைகளைத் தள்ளுகிறேன். ஆனால் அந்தத் தண்ணீர் நீ மண்ணுக்கடியில் பதித்த குழாய் வழியாக வீட்டின் கீழ்த்தளத்துக்கு வந்து சேரும்போது அதில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம். அவ்வளவுதான் சூடு.

மீதிச் சூடு எங்கே போகிறது என்று தேட வேண்டிய அவசியமில்லை, ஜன்னலைத் திறந்தாலே தெரிகிறது. போன வாரம் முழங்கால் வரை பனி பெய்தது. எங்கும் வெள்ளை. பாய்லரிலிருந்து வீட்டுச் சுவர்வரை மட்டும் நேராக ஒரு கோடு, அதில் பனி தங்கவில்லை. புல் பச்சையாக நிற்கிறது. தினமும் மூன்று மான்கள் வந்து மேய்கின்றன. நீ வேட்டைக் குடிசையில் ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு மானின் வாலைக்கூடப் பார்க்காமல் திரும்பினாய். இங்கே அவை உன் வெந்நீர்க் குழாயின் மேல் வயிற்றை வைத்துப் படுத்துத் தூங்குகின்றன.

விறகு ஏப்ரல் வரை வரும் என்றாய். இந்த வேகத்தில் புத்தாண்டைத் தாண்டாது. பழைய எண்ணெய் அடுப்பை நீ கழற்றி உன் தங்கை புருஷன் கிளெனுக்குக் கொடுத்துவிட்டதால் இந்த வீட்டுக்கு வேறு சூடு கிடையாது. ஆகவே தெளிவாக எழுதுகிறேன். விறகு தீரும் அன்று குழாய்களிலிருந்து தண்ணீரை வடித்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, செயின்ட் பாலில் என் அக்கா மரியான் வீட்டுக்குப் போவேன். போனால் திரும்பி வர மாட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. சூடு வெளியேறாமல் குழாயைச் சுற்றி அடைப்பதற்காக நீ வாங்கிய ஃபோம் பலகைகள் வண்டியில் ஏறியிருந்ததை நான் பார்த்தேன். மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய நாள் அது. நான் பேருந்தை விட்டுவிட்டு வருவதற்குள் பள்ளம் மூடியிருந்தது, நீயும் குடிசைக்குக் கிளம்பியிருந்தாய். அந்தப் பள்ளத்துக்குள் என்ன செய்தாய்?

ஹெல்வி


ஈரி ஏரி
டிசம்பர் 1

ஹெல்வி,

டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு எங்கள் கப்பலை ஒட்டி வந்தது. கயிற்றில் வாளியை இறக்கித் தூக்கினோம். எனக்கு உன் கடிதம் மட்டும். சமையல்காரன் உறையைப் பார்த்தே சொல்லிவிட்டான்: “வீட்டம்மா பேனாவை அழுத்தி எழுதியிருக்காங்கடா. இதைச் சாப்பாட்டுக்கு அப்புறமா பிரி.” சாப்பாட்டுக்கு முன்பே பிரித்தேன். தப்பு.

வாடகை வீட்டுக்காரியைப் போல எழுதுகிறாய். அந்த வீட்டுக்காகத்தானே வருடத்தில் ஒன்பது மாதம் இந்த இரும்புக்குள் கிடக்கிறேன்?

ஈர விறகைப் போடுகிறாய் என்று நினைக்கிறேன். கொட்டகையின் இடது பக்கம் இருப்பது இந்த வருடம் வெட்டியது, அதைத் தொடாதே என்று சொல்லியிருந்தேன். இன்னொன்று, குழாய்க்குள் காற்று அடைத்திருக்கும். கீழ்த்தளத்தில் பம்புக்கு மேலே இருக்கும் திருகைத் திறந்து காற்றை வெளியேற்று. இன்னொன்று, புதிதாக மூடிய மண் இறுகக் கொஞ்ச காலம் ஆகும். முதல் வருடம் எல்லோருக்கும் இப்படித்தான் கொஞ்சம் பனி உருகும்.

பதினோராம் தேதி வாக்கில் தாது ஏற்ற டூ ஹார்பர்ஸுக்கு வருகிறோம். வழக்கம்போல் துறை வாசலுக்கு வா. ஏலக்காய் ரொட்டி இருந்தால் கொண்டு வா. முகம் பார்த்துப் பேசினால் இதெல்லாம் பெரிதாகத் தெரியாது.

அர்வோ


டோய்மி
டிசம்பர் 7

அர்வோ,

நான் போடுவது வலது பக்கத்து விறகு. உலர்ந்த பூர்ச்சமரம், தட்டினால் மணிபோல ஒலிக்கிறது. காற்றை இரண்டு முறை வெளியேற்றினேன். வந்தது தண்ணீர்தான். மண் இறுகட்டும் என்கிறாய். பக்கத்துப் பண்ணைக்காரர் வீட்டுக் குழாயும் புதிதுதான். அவர் தோட்டத்தில் பனி படுக்கை விரித்தது போலக் கிடக்கிறது.

நான் பள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். நீ விறகைப் பற்றி எழுதினாய்.

சனிக்கிழமை உன் அண்ணன் ரூடி வந்தான். பின்வாசலில் பனி தங்காத அந்தக் கோட்டைப் பார்த்து வண்டிக்குள்ளிருந்தே சிரித்தான். “நாங்க காட்டுல குளிர்ல விறைச்சுக் கிடந்தோம், மான் எல்லாம் உன் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கே” என்றான். காபி கொடுத்தேன். இரண்டு கோப்பை குடித்தான். பலகைகளைப் பற்றிக் கேட்டதும் அவனுக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகுதான் பதில் சொன்னான்: “அதை அர்வோகிட்டயே கேளு, ஹெல்வி. என்னை நடுவுல இழுக்காதே.”

நடுவில் என்ன இருக்கிறது, அர்வோ?

அவன் போன பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். டிசம்பரில் இந்த ஊரில் கடப்பாரை வளையும். நீ குழாய் பதித்த கோட்டில் மட்டும் மண்வெட்டி இளகிய வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. ஈர மண். ஆவி வந்தது. அங்கேயே நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். இரவும் பகலும் என் விறகைத் தின்று எனக்காக இந்த மண்ணை யாரோ இளக்கி வைத்திருக்கிறார்கள்.

பதினோராம் தேதி துறை வாசலுக்கு வருவேன் என்று சொல்ல முடியாது.

ஹெல்வி


சுப்பீரியர் ஏரி
டிசம்பர் 13

ஹெல்வி,

வரவில்லை.

தாது ஏற்றி முடிய எட்டு மணி நேரம் ஆனது. அதில் பாதி நேரம் வாசலில் நின்றேன். எல்லோர் வீட்டு வண்டியும் வந்தது. இரண்டாம் என்ஜினியரின் மனைவி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்து, “ஹெல்வி வரலையா?” என்று கேட்டாள். வண்டி மக்கர் பண்ணுகிறது என்றேன். இரக்கப்பட்டு எனக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தாள். நாய்க்குக் கொடுப்பது போல இருந்தது. வாசலில் இருந்த தொலைபேசியிலிருந்து வீட்டுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

கோபம் இருந்தால் வந்து முகத்துக்கு நேரே திட்டியிருக்கலாம். ஒரு மாதம் கழித்து நிலத்தில் கால் வைக்கிறவனுக்குத் திட்டுகூட ஒரு வரவேற்புதான்.

மண்வெட்டி என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பள்ளத்தைத் தோண்டாதே. சொல்கிறேன், தோண்டாதே. குழாயில் வெட்டு பட்டால் தண்ணீர் முழுக்க மண்ணுக்குள் போய்விடும், பாய்லர் வறண்டு வெடிக்கும். நான் ஜனவரியில் வந்து பார்த்துக்கொள்கிறேன். இன்னும் ஒரு மாதம். ஒரு மாதத்தை உன்னால் பொறுக்க முடியாதா?

அர்வோ


டோய்மி
டிசம்பர் 18

அர்வோ,

தொலைபேசி அடித்ததைக் கேட்டேன். எடுக்க முடியவில்லை, இடுப்பளவு பள்ளத்துக்குள் நின்றேன்.

ரூடியின் மனைவி கேரலும் நானும் தோண்டினோம். குழாய் தென்பட்ட பிறகு மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் வாரினோம். உன் பாய்லர் வெடிக்கவில்லை. நீ பயந்தது வேறு எதற்கு என்று உன் கடிதம் வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ புதைத்ததை நான் பார்த்தபடி எழுதுகிறேன். வயலில் தண்ணீர் வடியப் பதிப்பார்களே, ஓட்டை போட்ட கருப்பு வளையக் குழாய், அதுதான் வெளி உறை. உள்ளே இரண்டு குழாய்கள், சூடாகப் போவதும் ஆறித் திரும்புவதும். இரண்டையும் சேர்த்து டேப் சுற்றிக் கட்டியிருக்கிறாய். வழி நெடுக ஒன்றின் சூட்டை மற்றது உறிஞ்சிக்கொண்டே வருகிறது. அவற்றின் மேல் பளபளவென்று ஒரு காற்றுக்குமிழ்த் தாள், பீங்கான் தட்டைச் சுற்றி அனுப்பும் தாள். கருப்புக் குழாயை நான் கத்தியால் கீறியதும் மண் தண்ணீர் என் பூட்ஸுக்குள் கொட்டியது. வெதுவெதுப்பாக இருந்தது. இந்தக் குளிர்காலத்தில் நீ என் கால்களுக்குக் கொடுத்த முதல் சூடு அது.

ஃபோம் பலகை ஒன்றுகூட இல்லை. எண்பது அடியிலும் இல்லை.

கேரல் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். “ஹெல்வி, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு ரூடி சத்தியம் வாங்கியிருக்கான்” என்றாள். நான் பூட்ஸிலிருந்த தண்ணீரைக் கொட்டினேன். அவளே தொடர்ந்தாள். “குடிசையில படுக்கிற அறை இருக்குல்ல, அந்தச் சுவரு முழுக்க வச்சிருக்காங்க. இந்த வருஷம் வெறும் உள்சட்டையோட தூங்கினோம்னு வந்து பெருமையா சொன்னான். அது உன் வீட்டுப் பலகைன்னு எனக்கு அப்பத் தெரியாது.”

வருடத்தில் பத்து நாட்கள் ஆண்கள் பீர் குடித்துக்கொண்டு சீட்டாடும் ஒரு குடிசை. அதன் சுவருக்குள் என் குளிர்காலத்தை வைத்து ஆணி அடித்திருக்கிறாய். அதோடு, ஈர விறகைப் போடுகிறாய் என்று எனக்கு எழுதினாய். அந்த வரியை நீ எழுதும்போது உன் கை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

விறகு இன்னும் இரண்டு வரிசை இருக்கிறது.

ஹெல்வி


ஒயிட்ஃபிஷ் விரிகுடா, நங்கூரத்தில்
டிசம்பர் 24

ஹெல்வி,

புயல். இரண்டு நாட்களாக ஒதுங்கி நிற்கிறோம். சமையல்காரன் வான்கோழி வைத்தான். நான் சாப்பிடவில்லை.

கேரல் வாயை மூடியிருக்கலாம். ரூடியும்தான்.

சரி, சொல்கிறேன். நீ கேட்டதால்தான் சொல்கிறேன், நியாயப்படுத்துவதற்காக என்று எடுத்துக்கொள்ளாதே. ஆறு வருடங்களாக வேட்டை தொடங்கும் நாளில் நான் கப்பலில் இருந்தேன். இந்த வருடம்தான் விடுப்பு சரியாக அமைந்தது. அக்டோபரில் குடிசையைச் சுத்தம் செய்ய நாங்கள் எல்லோரும் போனோமே, அன்று உள்ளே நுழைந்தால் என் கட்டிலில் கிளெனின் தூக்கப் பை விரித்திருக்கிறது. ஜன்னலோரம், கீழ்த்தட்டு. பதினெட்டு வயதிலிருந்து என்னுடையது. அவன் என் தங்கையின் புருஷன், டுலூத் நகரத்துக்காரன், துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடிப்பான். “அது என் கட்டில்” என்றேன். அதற்கு அவன் ரூடியைப் பார்த்து, “விருந்தாளி வந்திருக்காருப்பா, அவருக்கு ஒரு நாற்காலி போடுங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரூடியும் சிரித்தான்.

கூரை மாற்றியபோது நீ இல்லை, அடுப்பு மாற்றியபோது நீ இல்லை, கிளென் இருந்தான், அவன் ஒவ்வொரு வருடமும் உழைக்கிறான், நீ என்ன கொண்டுவந்தாய் என்று ரூடி கேட்டான். சரி, படுக்கை அறைச் சுவரை நான் அடைத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. பிறகு பின்வாங்க முடியவில்லை.

பள்ளத்துக்கு மே மாதம் வேறு பலகை வாங்கலாம், ஒரு குளிர்காலம் எப்படியும் தாங்கும் என்று நினைத்தேன். இவ்வளவு சூடு போகும் என்று நினைக்கவில்லை. அதற்குள் வேட்டையும் வந்துவிட்டது. அன்று மழை வேறு வரும் போல இருந்தது. பள்ளத்தைத் திறந்துபோட்டுவிட்டுப் போக முடியுமா?

உனக்குப் புரியாது. நீ அந்த ஊரில் தினமும் இருக்கிறாய். நான் எங்கேயுமே இல்லை.

அர்வோ


டோய்மி
ஜனவரி 3

அர்வோ,

உனக்குப் புரியாது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். புரிந்தது. முழுக்கப் புரிந்ததால்தான் இன்னும் கோபம் வருகிறது. இந்த வீட்டிலும் உனக்கு ஒரு கட்டில் உண்டு. அதில் உன் இடத்தில் யாரும் படுக்கவில்லை. அதற்காக உன்னிடம் யாரும் எதுவும் கொண்டுவரச் சொல்லவில்லை. அதனால்தான் அது உனக்கு மலிவாகிவிட்டதா?

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கேரலும் நானும் பனியில் ஓடும் ஸ்னோமொபைலின் பின்னால் சறுக்குவண்டியைக் கட்டிக்கொண்டு குடிசைக்குப் போனோம். சாவி எப்போதும் போல் உத்தரத்தின் மேல் இருந்தது. மேலே அடித்திருந்த ஒட்டுப்பலகையை நெம்பினோம். உள்ளே ஃபோம் பலகை இளஞ்சிவப்பாக, அழகாக, ஒரு மூலைகூட உடையாமல் இருந்தது. நேர்த்தியான வேலை. சட்டங்களுக்கு நடுவே பொருந்தும்படி ஒரே அகலத்தில் கீற்று கீற்றாக அறுத்திருந்தாய். பள்ளத்துக்குள் பெட்டி கட்ட எனக்கு வேண்டிய அகலமும் ஏறக்குறைய அதுதான். அறுக்கிற வேலை மிச்சம்.

மூன்று நடை அடித்தோம். கடைசி நடையின்போது ரூடி வழியில் நின்றான். சறுக்குவண்டியைப் பார்த்தான், தன் மனைவியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“குடிசையை உரிச்சிட்டீங்களாமே?”

“உரிச்சாச்சு” என்றாள் கேரல்.

“அது நம்ம எல்லாருக்கும் சொந்தமான குடிசைடி.”

“பலகை அவளோடது. கட்டிலைத் தொடல. கிளென் படுத்துக்கட்டும்.”

அதற்குப் பிறகு அவன் என்னைத் திருடி என்றான். ஊர் முழுக்கச் சொல்வேன் என்றான். சொல் என்றேன், பலகைகள் எங்கே போயின என்று விடுமுறைக்கு முன்பே பள்ளிப் பேருந்தில் நானே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், இந்நேரம் ஊருக்குத் தெரிந்திருக்கும் என்றேன். அவன் எங்கள் பின்னாலேயே வீடுவரை வந்தான், சண்டையை முடிக்க. பள்ளத்தின் ஓரத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தான். கேரல் ஒரு கடப்பாரையை அவன் கையில் கொடுத்து, சுவரோரம் உறைந்திருந்த மண்ணைக் காட்டி, “கத்துறதைக் கத்து, அதையும் இடி” என்றாள். இடித்தான். கத்திக்கொண்டேதான்.

நீ உறையாகப் போட்ட கருப்புக் குழாய், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கே திரும்பிவிட்டது. பள்ளத்தின் அடியில் சரளைக்கல்லுக்குள் படுத்திருக்கிறது, தண்ணீரை ஓடைக்கு வடிக்க. அதன் மேல் பலகைப் பெட்டி. இரண்டு குழாய்களையும் பிரித்து நடுவில் ஒரு பலகை வைத்தேன். இணைப்புகளில் டப்பா நுரையை அடித்து அடைத்தேன். மேலே கனமான பிளாஸ்டிக் விரிப்பு. மண் போட்டு மூடும்போது பாய்லர் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஒரு வேளைகூட அணையவிடவில்லை.

கீழ்த்தளத்தில் இப்போது குழாயைத் தொட்டால் கையை எடுத்துவிடுகிறேன். விறகு மூன்றில் ஒரு பங்குதான் செலவாகிறது. பெய்த பனி பின்வாசலில் ஒரே மாதிரி கிடக்கிறது. இருக்கிற விறகோடு, ரூடி அவமானத்தில் கொண்டுவந்து கொட்டிய ஒரு வண்டியும் சேர்ந்தால் மார்ச் கடைசிவரை வரும்.

ஹெல்வி


மிஷிகன் ஏரி
ஜனவரி 9

ஹெல்வி,

உன் கடிதத்தை என்ஜின் அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கேரல் கடப்பாரை கொடுத்த இடத்தில் சமையல்காரன் மேசையைத் தட்டிச் சிரித்தான். “இந்த அம்மாவைக் கப்பல்ல சேர்த்துக்கலாம், உன்னை வீட்டுல விட்டுடலாம்” என்றான்.

குடிசையை உரித்ததில் எனக்கு இன்னும் வருத்தம்தான். அண்ணனோடு இதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை. நவம்பரில் அவன் என்னை வாசலிலேயே நிறுத்துவான். அதையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். போகட்டும்.

எப்படியோ வீடு சூடாகிவிட்டது, விறகும் போதும். பிரச்சினை முடிந்தது. பதினெட்டாம் தேதி கப்பலைக் குளிர்காலத்துக்குக் கட்ட சுப்பீரியர் துறைமுகத்துக்கு வருகிறோம். அன்று மதியமே இறங்கிவிடுவேன். வந்து கூட்டிப் போ. சவுனா நீராவி அறையைச் சூடாக்கி வை. ஒரு வாரம் தூங்க வேண்டும். என்னை எழுப்பாதே.

அர்வோ


டோய்மி
ஜனவரி 14

அர்வோ,

பிரச்சினை முடிந்தது என்று எழுதியிருக்கிறாய். எழுப்பாதே என்று எழுதியிருக்கிறாய். என் கடிதத்தை ஆண்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாய். மூன்றில் எது அதிகம் எரிகிறது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

விறகு தீர்ந்தால் போய்விடுவேன் என்று நவம்பரில் எழுதினேன். விறகு தீரவில்லை, தீரப்போவதும் இல்லை. ஒரு வாரமாகக் கோட்டு இல்லாமல் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். வெண்ணெய் இளகி ரொட்டியில் தடவ வருகிறது. இப்போதுதான் யோசிக்க முடிகிறது. இவ்வளவு நாள் குளிர் என் பேச்சையெல்லாம் தானே பேசிக்கொண்டிருந்தது. அது விலகியதும் என் பேச்சு மட்டும் மிச்சமாக நிற்கிறது, கொஞ்சம்கூடக் குறையாமல்.

குளிரில் போயிருந்தால், பாவம், குளிர் தாங்காமல் போய்விட்டாள் என்று நீயும் ரூடியும் சொல்லியிருப்பீர்கள். வீடு நன்றாக இருக்கிறது. இப்போது போகிறேன்.

பேருந்தை மார்ச் வரை வேறு ஒருத்தி ஓட்டுகிறாள், பேசிவிட்டேன். பதினேழாம் தேதி மரியான் வந்து என்னை அழைத்துப் போகிறாள். பதினெட்டாம் தேதி காலை கேரல் விறகு போடுவாள். அன்று மாலையிலிருந்து அது உன் வேலை. வேறு ஆள் கிடையாது. கேரலைக் கேட்காதே, அவள் மாட்டேன் என்று சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறாள். சுப்பீரியரிலிருந்து வருவதற்கு ரூடியைக் கூப்பிடு, அல்லது பஸ் பிடி.

நீ ஒன்பது மாதம் இல்லாத வீட்டில் நான் இருக்கிறேன். நான் இல்லாத வீட்டில் நீ இரண்டு மாதம் இருந்து பார். தூங்கு, யாரும் எழுப்ப மாட்டார்கள். கப்பல் மறுபடி உன்னைக் கூப்பிடும்போது நான் திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம். மிரட்டுவதற்காக எழுதவில்லை. எனக்கு இன்னும் தெரியாது.

எழுத நினைத்தால் மரியான் முகவரிக்கு எழுது. படிப்பேன். நான் மட்டும் படிப்பேன்.

ஹெல்வி


டோய்மி
பிப்ரவரி 9

ஹெல்வி,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றில் திட்டு மட்டும் இருந்தது. புருஷன் கப்பலிலிருந்து இறங்குவதற்கு முந்தின நாள் வீட்டைவிட்டுப் போனவள் என்று ஊரில் உன்னைப் பேசுகிறார்கள். ரூடி சொன்னான். நானும் முதல் வாரம் அதையேதான் சொன்னேன்.

இப்போதும் கோபம் போகவில்லை. அதை எழுதிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று சொல்லாதே.

போன சனிக்கிழமை ரூடியும் நானும் ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்கப் போனோம். போகும்போதே விறகு போட நேரமாகிவிடும் என்று சொன்னேன். “ஒரு வேளை விட்டா வீடு பறந்தா போயிடும்?” என்றான். விட்டேன். ரூடி வீட்டிலேயே படுத்துவிட்டு ஞாயிறு காலை திரும்பினேன். வீட்டுக்குள் மூச்சு புகையாக வந்தது. பாய்லரில் சாம்பல். சமையலறையில் நின்றுகொண்டு, ஏன் விறகு போடவில்லை என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். உண்மையாகவே திறந்தேன். அப்புறம்தான் வீட்டில் யாரும் இல்லை என்பது உறைத்தது.

தீ மூட்டி, தண்ணீர் சூடாகும்வரை கீழ்த்தளத்தில் ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தேன், குழாயின்மேல் கையை வைத்துக்கொண்டு. சுவருக்குள் நுழையும் இடத்தில் நீ அடைத்ததைப் பார்த்தேன். கத்தியின் நுனியால் தேடினேன், ஓர் இடைவெளிகூடக் கிடைக்கவில்லை. நான் செய்திருந்தால் அந்த மூலையில் பாதி நாளைக்கூடச் செலவழித்திருக்க மாட்டேன். சூடு வந்தபோது மதியம் ஆகியிருந்தது. அதுவரை நான் யோசித்ததையெல்லாம் எழுத எனக்கு வராது. நீ எழுதுவாய், எனக்கு அது கைவராது.

நவம்பரில் குடிசைக்குப் போவேனா என்று ரூடி கேட்டான். தெரியாது என்றேன். அவன் அதற்கும் சிரித்தான்.

நேற்று கப்பல் கம்பெனியிலிருந்து தொலைபேசி. வேலைக்கு ஆள் சேர்க்கும் அந்தப் பெரியவர்தான், வருடாவருடம் கூப்பிடுவாரே. மார்ச் இருபதுக்கு ஏறுகிறாயா, வழக்கமான இடம்தான் என்றார். எப்போதும் அவர் முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிடுவேன். நேற்று, வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர், “சரி, கேட்டுட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்” என்றார். நீ பக்கத்து அறையில் இருப்பதாக நினைத்துவிட்டார்.

அவர் காத்திருந்தார். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னணியில் அவர் அலுவலகத்தில் யாரோ தட்டச்சு செய்வது கேட்டது.

வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். போகட்டுமா, ஹெல்வி?

அர்வோ